ஜோங்ஷியாங்: அரியணை ஏறாத பேரரசரின் கல்லறை ஊர்

பெய்ஜிங் போகிறவர்கள் பெருஞ்சுவரைப் பார்த்த கையோடு மிங் வம்சத்து அரசர்களின் பதின்மூன்று கல்லறைகளில் ஒன்றையோ இரண்டையோ எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். என்னிடம் யாராவது கேட்டால், ஹுபெய் மாகாணத்தில் இருக்கும் ஜோங்ஷியாங்குக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். ஹான் ஆற்றங்கரையில் உள்ள சின்ன நகரம். ஊருக்கு வெளியே ஷியேன்லிங் என்ற பேரரசர் கல்லறை இருக்கிறது. மிங்குக்குப் பின் ஆண்ட ச்சிங் வம்சத்தின் கிழக்கு, மேற்குக் கல்லறைகளோடு சேர்த்து 2000ஆம் ஆண்டே யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெய்ஜிங்கின் பதின்மூன்று கல்லறைகள் அந்தப் பட்டியலுக்கு வந்தது 2003இல்தான்.

என் அக்கா மகன் வூஹானில் மருத்துவம் படிக்கிறான். “சித்தி, பெய்ஜிங் கூட்டத்துல உங்களுக்கு மூச்சு முட்டிடும். இங்க பக்கத்துலயே ஒரு ராஜா கல்லறை இருக்கு, வாங்க” என்று அவன் கூப்பிட்டதால்தான் இந்த ஊரின் பெயரே எனக்குத் தெரிய வந்தது. போவதற்கு முன்னால் அந்தக் கல்லறையின் கதையைப் படித்துவிட்டுப் போனேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். கதை தெரியாமல் போனால் அங்கே தெரிவது சுவரும் மேடும் இடிபாடும்தான். தெரிந்து போனால் ஒவ்வொரு வாசலும் ஒரு குடும்பச் சண்டையைச் சொல்கிறது.

கதை இதுதான். ஜு யௌயுவான் என்ற இளவரசர் செங்ஹுவா பேரரசரின் மகன். அரியணை அண்ணன் ஹோங்ஜிக்குப் போனது. இவருக்கு ‘ஷிங் இளவரசர்’ என்ற பட்டம் கொடுத்து, அப்போது அன்லு என்று அழைக்கப்பட்ட இந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். 1519இல் இங்கேயே இறந்தார். இளவரசர் ஒருவருக்கு உரிய அளவில் ஒரு கல்லறை கட்டி அடக்கம் செய்தார்கள். இரண்டே ஆண்டில், 1521இல், பெய்ஜிங்கில் அந்த அண்ணனின் மகன் ஜெங்டே பேரரசர் வாரிசில்லாமல் இறந்துபோனார். அடுத்த உரிமை யாருக்கு என்று பார்த்ததில், ஷிங் இளவரசரின் 13 வயது மகன் ஜு ஹௌட்சோங்தான் மிஞ்சினான். அவன்தான் ஜியாஜிங் பேரரசர்.

அவனை அழைத்துவரச் செய்த மூத்த அமைச்சர் யாங் டிங்ஹெயும் மற்ற அதிகாரிகளும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பெரியப்பாவான ஹோங்ஜி பேரரசரின் சுவீகாரப் புத்திரனாகத்தான் அரியணை ஏற வேண்டும், பெற்ற தகப்பனை இனிமேல் சித்தப்பா என்று சொல்ல வேண்டும். பையன் மறுத்துவிட்டான். தலைநகருக்குள் நுழையும்போதே, பட்டத்து இளவரசன் வரும் பக்கவாசல் வழியாக வர மாட்டேன், பேரரசர் வரும் வாசல் வழியாகத்தான் வருவேன் என்று ஊருக்கு வெளியே நின்றான். அடுத்து வந்த அவன் அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. தனக்கு உரிய பட்டம் கிடைக்காதவரை நகருக்குள் வர மாட்டேன் என்று தலைநகருக்கு அருகிலிருந்த தோங்ஜோவில் தங்கிவிட்டார். அப்படியானால் அரியணையே வேண்டாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று மகன் சொல்ல, அமைச்சர்கள் இறங்கிவந்தார்கள்.

சண்டை அத்தோடு முடியவில்லை. 1524இல் இருநூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் அரண்மனை வாசல் ஒன்றில் மண்டியிட்டு அழுது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களில் பலரைத் தடியால் அடிக்கச் சொன்னார் ஜியாஜிங். அடியில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். யாங் டிங்ஹெயின் மகனும் பெரிய அறிஞருமான யாங் ஷென் யுன்னானுக்கு நாடு கடத்தப்பட்டு, ஆயுள் முழுக்க அங்கேயே கழித்தார். தகப்பன் மேல் வைத்த பாசம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்லறையில் நடக்கும்போது அடிபட்டுச் செத்தவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் என் கண்ணில் படவில்லை.

கடைசியில் மகனே ஜெயித்தார். வாழ்நாளில் ஒருநாள்கூட ஆளாத தகப்பனுக்குப் பேரரசர் பட்டம் கிடைத்தது. இளவரசர் கல்லறை பேரரசர் கல்லறையாக வளர ஆரம்பித்தது. 1519இல் தொடங்கிய வேலை, ஜியாஜிங் இறக்கும் 1566 வரை விட்டு விட்டு நடந்தது.

இனி இடத்துக்கு வருவோம். வெளிவாசலில் பேட்டரி வண்டி நிற்கும். நடக்க முடிந்தவர்கள் அதில் ஏற வேண்டாம். வண்டி உங்களைக் கடைசிக் கட்டடத்துக்கு அருகில் கொண்டுபோய் விட்டுவிடும், கதையின் முதல் பாதி கைநழுவிப் போய்விடும். முதலில் ‘புதிய சிவப்பு வாசல்’. அதைத் தாண்டி உள்ளே நடந்தால் ‘பழைய சிவப்பு வாசல்’. பழையது முதலில் எழுந்தது. எல்லை விரிந்தபோது அதற்கு வெளியே புதியதைக் கட்டினார்கள். மகனின் கை ஓங்க ஓங்கத் தகப்பனின் இடமும் பெருகியதை இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நடந்தே தெரிந்துகொள்ளலாம். மொத்த வளாகத்தையும் சுற்றி ஏறத்தாழ 3,600 மீட்டர் நீளத்துக்கு ஒரு சிவப்பு மதில் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் போகிறது.

உள்ளே ஒரு வாய்க்கால் வளைந்து வளைந்து ஓடும். ஒன்பது வளைவு என்று சொல்வார்கள். பாதை அதைப் பல இடங்களில் பாலத்தில் கடக்கிறது. காற்றும் நீரும் பார்த்து இடம் குறிக்கும் ஃபெங்ஷுய் முறைப்படி, உயிராற்றல் நேராக ஓடி வெளியேறாமல் தேங்கி நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதே சமயம், மூன்று பக்கக் குன்றுகளின் மழைநீரையும் வாங்கிக்கொண்டு போகும் வடிகாலும் அதுதான். நாங்கள் போன அன்று காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாய்க்கால் கலங்கலாக, வேகமாக ஓடியது. பாதையில் எங்கேயும் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. ஐந்நூறு ஆண்டுக்கு முன் போட்ட மட்டம்!

சிங்கம், ஒட்டகம், யானை, குதிரை, படைத்தலைவர், அமைச்சர் என்று கற்சிலைகள் இருபுறமும் எதிரெதிரே நிற்கும் பாதையைத் தாண்டியதும் டிராகன் செதில் பாதை வரும். நடுவில் அகலமான பலகைக் கற்கள் முதுகெலும்பு போல ஓடுகின்றன. இருபுறமும் முட்டை அளவு கூழாங்கற்களை நெருக்கி நட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். கற்களின் மேல்முகம் தேய்ந்து வழவழவென்றிருக்கிறது, இடுக்குகளில் பாசி. மழை நாளில் கூழாங்கல் மேல் கால் வைத்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் நடுப்பலகையிலேயே நடப்பது நல்லது.

பாதை ஒரு வட்டக் குளத்தில் போய் முட்டுகிறது. குளத்துக்குப் பின்னால் லிங்அன் வாசல். அதன் இருபக்கச் சுவரிலும் பதித்திருக்கும் மெருகேற்றிய ஓட்டு வேலைப்பாட்டை ஒரு கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். முன்பக்கம் பூங்கொடி. பின்பக்கம் போனால் பச்சையும் மஞ்சளுமாக இரட்டை டிராகன். பலரும் முன்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு நேரே போய்விடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால்தான் டிராகன் தெரியும்.

வாசலைத் தாண்டினால் பெரிய மண்டபம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேடை. கல் படிக்கட்டும் தூண்பீடங்களும் மட்டும் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. மிங் ஆட்சி சரிந்துகொண்டிருந்த 1640களில் லீ ட்ஸுச்செங்கின் கிளர்ச்சிப் படை வந்து மரக் கட்டடங்களை எரித்துவிட்டது. அதைத் திரும்பக் கட்டாமல் அப்படியே விட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. புதுப் பெயின்ட் அடித்த மண்டபத்தைவிட அந்தத் தூண்பீடங்களின் இடைவெளியே கட்டடத்தின் அளவை நன்றாகக் காட்டுகிறது.

அதற்குப் பின்னால்தான் இந்த இடத்தின் தனித்தன்மை. வேறு எந்த மிங் கல்லறையிலும் இல்லாதபடி, இங்கே ஒரே கல்லறைக்கு இரண்டு மேடுகள். ஒவ்வொன்றையும் சுற்றி வட்ட மதில், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு மேடை. 1538இல் ஜியாஜிங்கின் அம்மா இறந்தார். அப்பாவின் உடலைப் பெய்ஜிங் பக்கம் கொண்டுவந்து இருவரையும் சேர்த்து அடக்கம் செய்யலாமா என்று ஜியாஜிங் முதலில் யோசித்தார். மறு ஆண்டு தானே நேரில் கிளம்பி வந்தார். சிறுவனாகப் போனவர் சொந்த ஊருக்குத் திரும்பியது அப்போதுதான். வழியில் தங்கிய இடம் தீப்பிடித்து எரிய, லூ பிங் என்ற அதிகாரி கதவை உடைத்து உள்ளே புகுந்து அவரை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். இங்கே வந்து பார்த்த பிறகு, அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். பழைய நிலவறையில் நீர்க்கசிவு இருந்ததால் பின்னால் புதிதாக ஒன்று கட்டச் சொன்னதாகச் சொல்கிறார்கள். அம்மாவின் பெட்டி பெய்ஜிங்கிலிருந்து படகில் வந்து சேர்ந்தது.

மதில் மேல் ஏறிச் சுற்றி நடக்கலாம். அங்கே தினமும் நடைப்பயிற்சிக்கு வரும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், நாங்கள் கேட்காமலே எங்களை விளிம்புக்குக் கூப்பிட்டார். என் அக்கா மகன் அவரை ‘யேயே’ என்று, அதாவது தாத்தா என்று கூப்பிட்டுப் பேசினான். மதிலின் வெளிப்புறத்தில் டிராகன் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வாய் வழியாகக் காலை மழையின் மிச்சம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே தேங்கும் நீர் உள்ளே மண்மேட்டுக்குப் போகாமல் வெளியே விழுவதற்காக வைத்தவை அவை. “நல்ல மழையிலே வந்தால் எல்லா வாயும் ஒரே நேரத்தில் கொட்டும், அதைப் பார்க்கத்தான் நான் குடையோடு வருவேன்” என்றார் அந்தப் பெரியவர். ஆகவே மழை வந்தால் திட்டத்தை மாற்றாதீர்கள். குடை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிலவறைக்குள் போக முடியாது. இந்தக் கல்லறை தோண்டப்படவில்லை, தோண்டாமல் இருப்பதே நல்லது. ஜியாஜிங்கின் பேரன் வான்லியின் கல்லறையை 1950களில் பெய்ஜிங்கில் தோண்டினார்கள். உள்ளே இருந்த பட்டுத் துணிகள் பலவும் வெளிக்காற்று பட்டு வீணாயின. பூமிக்கு அடியில் இறங்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் அங்கே போகலாம்.

ஜோங்ஷியாங்கில் ராஜ குடும்பக் கல்லறை இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஷிங் இளவரசருக்கு முன்பே இந்த ஊரில் வேறு மிங் இளவரசர்கள் இருந்து இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லியாங் இளவரசர் 1441இல் இறந்தவர். அவருடைய கல்லறையில் கொள்ளையர் கைவரிசை காட்டப் பார்த்ததால், 2001இல் தொல்லியலாளர்கள் அதைத் தோண்டிப் பொருட்களை மீட்டார்கள். தங்கமும் வெள்ளியும் ரத்தினமுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றில் ஒரு தங்கக்கட்டி, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. 1419இல் ‘மேற்குக் கடல்’ நாடுகளில் வாங்கியது என்று அதன் மேலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அது சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹேயின் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிவந்த காலம்.

அதே ஜெங் ஹே இலங்கையின் காலியில் ஒரு கல்வெட்டை விட்டுச்சென்றார். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நான் கொழும்பில் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தத் தங்கக்கட்டியின் முன் நின்றபோது, என் மொழி தெரிந்த யாரோ ஏறி இறங்கிய கப்பல் என்ற எண்ணத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது. தங்கக்கட்டியின் அசலைப் பார்க்க வூஹானில் உள்ள ஹுபெய் மாகாண அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

அடுத்த நாள் அக்கா மகனுக்கு வகுப்பு. அவன் வூஹானுக்குத் திரும்பிவிட்டான். நான் தனியாக ஊரைச் சுற்றினேன். ஜியாஜிங் கட்டிய யுவான்யோ கோயில் நகருக்குள்ளேயே இருக்கிறது. சிவப்புச் சுவரும் முற்றமுமாக அமைதியான இடம். பிறகு மோச்சௌ ஏரிக்கரை. இரண்டுக்கும் சேர்த்து அரை நாள் போதும்.

தனியாகச் சுற்றியதில்தான் நடைமுறை விஷயங்கள் பிடிபட்டன. பணத்துக்கு அலிபே செயலி. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதில் விசா அல்லது மாஸ்டர்கார்டை இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். நூடுல்ஸ் கடை, பழ வண்டி எல்லா இடத்திலும் கியூஆர் கோடுதான். டாக்சியையும் அதே செயலிக்குள் இருக்கும் டீடி மூலம் கூப்பிடலாம். போகுமிடத்தைச் சீன எழுத்தில் ஒட்டினால் குழப்பம் வராது. விடுதி முகவரி, கல்லறை, ரயில் நிலையம் மூன்றையும் சீன எழுத்தில் போனில் குறித்து வைத்திருந்தேன், அது நாள் முழுக்கக் கைகொடுத்தது.

கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் அங்கேயுள்ள வைஃபையில் வராது. நம் ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டால் வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள்.

விடுதி விஷயத்தில் கவனம் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர்கள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவரை மறுக்கக் கூடாது என்று 2024இல் அரசு அறிவுறுத்தியிருந்தாலும், சின்ன ஊர்களில் வரவேற்பில் இருப்பவருக்குப் பதிவு முறையே தெரியாமல் போகலாம். நாங்கள் முன்பதிவு செய்த ஒரு சின்ன விடுதியில் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரவு நேரம், வெளியே மழை. வேறு இடம் தேட ஒரு மணி நேரம் ஆனது. பதிவு செய்யும்போதே விடுதிக்குச் செய்தி அனுப்பி, இந்திய பாஸ்போர்ட்டை ஏற்பீர்களா என்று கேட்டு, பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திரும்பப் பெறும் வசதியுள்ள பதிவாகவே எடுங்கள்.

நான் சைவம். “வோ ச்சி சூ” என்றால் நான் சைவம் சாப்பிடுபவர் என்று அர்த்தம். ஆனால் அது மட்டும் போதாது. காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் எலும்புச் சாறு ஊற்றுவதும் அங்கே சாதாரணம். “இறைச்சி வேண்டாம், கொழுப்பு வேண்டாம், எலும்புச் சாறு வேண்டாம், மீன் வேண்டாம்” என்று தனித்தனியாகச் சீனத்தில் எழுதிய சீட்டைக் காட்டினால் சமையல்காரரே கூப்பிட்டுக் கேட்டுச் செய்து தருகிறார். வதக்கிய தாமரைத்தண்டு, கத்தரிக்காய், டோஃபு, சோறு. ஹுபெய் தாமரைத்தண்டுக்குப் பேர்போன இடம், அதைத் தவறவிட வேண்டாம். அப்புறம் அந்த வட்டாரத்தின் ‘அரிசித் தேநீர்’. அரிசியைப் பழுப்பாக வறுத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, ஆறவைத்துக் குடிக்கிறார்கள். நம் நீராகாரம் மாதிரி, ஆனால் வறுத்த வாசனையோடு. வெயில் நாளில் கல்லறையைச் சுற்றி வந்த பிறகு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இறைச்சி சாப்பிடுகிறவர்கள் பான்லோங் சாய் கேட்க வேண்டும். மீனையும் பன்றி இறைச்சியையும் மசித்து, முட்டைத் தோலில் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, வில்லைகளாக நறுக்கி, சுருண்ட டிராகன் போல அடுக்கித் தருவார்கள். ஜியாஜிங் பட்டமேற்கப் போகும் வழிக்காக ஒரு சமையல்காரர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். அக்கா மகன் இரண்டு கிண்ணம் காலி செய்தான்.

எப்போது போகலாம்? மார்ச் கடைசி நல்லது. வயல்களில் கடுகுப் பூ மஞ்சளாக இருக்கும், வெயில் கிடையாது. ஏப்ரல் முதல் வாரத்தில் வரும் சிங்மிங் விடுமுறை, மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். ரயிலில் இடம் கிடைக்காது. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம் தாங்காது.

வூஹானிலிருந்து ஜோங்ஷியாங் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், ரயிலும் பேருந்தும் உண்டு. ரயிலில் பாஸ்போர்ட்தான் டிக்கெட். இந்திய பாஸ்போர்ட்டைத் தானியங்கி வாயில் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போங்கள். வூஹானில் ஹான்கோ, வூச்சாங், வூஹான் என்று பெரிய நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கின்றன. எந்த நிலையம் என்று முன்பதிவில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹுபெய் மாகாண அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களுக்கும் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். ஆகவே சனி, ஞாயிறை விட்டுவிட்டு, திங்கள், செவ்வாயை ஜோங்ஷியாங்குக்கு வைத்துக்கொண்டு, புதன் காலை அருங்காட்சியகத்துக்குப் போனால் இரண்டு இடத்திலும் கூட்டம் குறைவு. லியாங் இளவரசரின் பொருட்களுக்குத் தனிக் கூடமே இருக்கிறது, அதற்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.